சத்துப்பொடி

முட்டையை வெளிச்சத்தில் வைத்துப் பார்க்க அக்கா வீட்டில் ஓர் இருட்டறை இருந்தது. அறை என்பது பெரிய வார்த்தை. மாடிப்படிக்குக் கீழே இருந்த இடுக்கைத் தகரத்தால் அடைத்து, உள்ளே ஒரு முக்காலி போட்டு, பால்பவுடர் டின்னில் ஓட்டை போட்டு, அதற்குள் ஒரு பல்பை எரியவிட்டிருந்தார்கள். ஓட்டையின் மேல் முட்டையைப் பொருத்தினால் ஓடு செம்மஞ்சளாக ஒளிரும். கரு பிடித்திருந்தால் நடுவில் ஒரு கரும்புள்ளியும், அதிலிருந்து சிலந்தி நூல் மாதிரி ரத்த நாளங்களும் தெரியும். பிடிக்கவில்லை என்றால் வெறும் வெளிச்சம்தான்.

அன்று காலையில் அக்கா எடுத்துப் பார்த்ததெல்லாம் வெறும் வெளிச்சமாகவே இருந்தது. வெளியே தகரத்தின் மேல் மழை சடசடத்துக்கொண்டிருந்தது. அவர் கணவர் தட்டோடு வாசலில் நின்று ஒவ்வொன்றாக நீட்டினார்.

“இதுவும் இல்லை.”

“நல்லா உருட்டிப் பாரு. ஓரமா ஒட்டிக்கிட்டிருக்கும்.”

“உருட்டிப் பார்க்க என்ன இருக்கு? கண்ணாடி மாதிரி இருக்கு. அடுத்ததைக் கொடுங்க.”

“இது கொஞ்சம் கனமா இருக்கு பாரு.”

“கனமான கூமுட்டை. வைங்க அந்தப் பக்கம்.”

தட்டு காலியானது. ஒன்றுகூடத் தேறவில்லை. தொடர்ந்து மூன்றாவது ஈடு இப்படி ஆகியிருந்தது.

“வேளாவேளைக்குத் திருப்பினேனே,” என்றார் அவர். “ஒண்ணு விடலையே.”

“திருப்பினீங்களோ, திருப்பினதா நெனச்சுக்கிட்டீங்களோ!”

சொல்லிவிட்ட பிறகுதான் அந்த வார்த்தை எங்கே போய்க் குத்தியது என்று அக்காவுக்குத் தெரிந்தது. பல்பை அணைத்துவிட்டு, “சரி விடுங்க, டீ போடறேன்,” என்று எழுந்தார். கணவர் காலித் தட்டைக் கையில் பிடித்தபடி அங்கேயே நின்றார்.

அக்காவைத் தெருவே அக்கா என்றுதான் கூப்பிடும். அவருடைய கணவரை அக்காவின் தம்பி மச்சான், மச்சான் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, தெருவுக்கே அவர் மச்சானாகிவிட்டார். லேத்துப் பட்டறையில் இருபது வருஷத்துக்கு மேல் இரும்பு கடைந்தவர். ஒருநாள் வேலை நேரத்தில் வலது கை சொன்னபடி கேட்காமல் போயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது வாய் லேசாகக் கோணியிருந்தது. சில பெயர்கள் நாக்குக்கு வர மறுத்தன. பட்டறையில் மறுபடி சேர்த்துக்கொள்ளவில்லை. மாதக்கணக்கில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தவருக்கு அக்காதான் ஒரு வேலை கண்டுபிடித்தார். கெட்டுப்போன ஃபிரிட்ஜ் ஒன்றை வாங்கிப் போட்டு, “இதை இன்குபேட்டரா மாத்த முடியுமா, பாருங்களேன்,” என்றார்.

இடது கையாலேயே மாற்றினார். பல்புகள், ஒரு சின்ன விசிறி, சூடு ஏறினால் தானே அணைகிற சுவிட்ச், தண்ணீர்க் கிண்ணம் என்று எல்லாம் பொருத்தி முடிக்க நாளாயிற்று. முதல் குஞ்சு ஓட்டை உடைத்துக்கொண்டு வந்த அன்று அவர் தெருவில் நின்று போகிறவர் வருகிறவரையெல்லாம் உள்ளே இழுத்து வந்து காட்டினார். அதன் பிறகு அக்கா கோழிகளைப் பார்த்துக்கொள்வார். மச்சான் பெட்டியையும், அதிலுள்ள முட்டைகளை வேளாவேளைக்குத் திருப்பி வைப்பதையும் பார்த்துக்கொள்வார். குஞ்சு வாங்க வருகிறவர்கள் அவரிடம்தான் பேசுவார்கள். பெயர்கள்கூட நாக்குக்குத் திரும்பி வந்தன.

தம்பியின் தொழில் மீன்குஞ்சு. அக்கா வீட்டுப் பின்சுவரை ஒட்டி, அக்காவின் இடத்திலேயே சிமெண்ட் தொட்டிகள் கட்டியிருந்தான். வாடகைப் பேச்சு ஒருநாளும் வந்ததில்லை. திலாப்பியா தாய்மீன் முட்டைகளை வாயில் வைத்துத்தான் காக்கும். அந்த நாட்களில் இரையே எடுக்காது. காலையில் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, வலையைச் சுருக்கி, ஒவ்வொரு மீனாகப் பிடித்து, கட்டைவிரலால் வாயைத் திறந்து கிண்ணத்து நீரில் அலசினால் மஞ்சள் மணிகளாக முட்டைகள் உதிரும். மழையானாலும் குளிரானாலும் அந்த வேலை நிற்காது. தம்பியின் விரல் நுனிகள் எப்போதும் ஊறி வெளுத்தே இருக்கும்.

வாங்குகிற பண்ணைக்காரர்களுக்கு ஆண்மீன் மட்டும்தான் வேண்டும். பெண் கலந்தால் குளத்திலேயே இனம் பெருகி, குளம் முழுக்கப் பொடிமீனாகிவிடும். எதுவும் எடைக்கு வராது. அதனால் பொரிந்த குஞ்சுகளுக்கு முதல் சில வாரம் ஆண் ஹார்மோன் கலந்த தீனி போட வேண்டும். பெண்ணாக வேண்டியதும் ஆணாகவே வளர்ந்துவிடும். கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டு, கையுறையும் முகமூடியும் போட்டுக்கொண்டு, மருந்தை ஸ்பிரிட்டில் கரைத்து, சலித்த கருவாட்டுத் தூளும் தவிடும் சேர்ந்த மாவின் மேல் தெளித்து, நிழலில் பரப்பி உலர்த்துவான். வெளியே வரும்போது அதற்கு அவன் வைத்திருந்த பெயர் சத்துப்பொடி.

தொழில் தொடங்கிய புதிதில் ஒருவர், “மருந்து போட்ட மீனாமே?” என்று கேட்டுவிட்டு வாங்காமல் திரும்பிப் போனார். அன்றிலிருந்து அந்தப் பேச்சை வெளியில் எடுப்பதில்லை. பெரிய பண்ணைக்காரர்களிடம் மட்டும் உள்ளதைச் சொல்வான். அவர்கள் கேட்பதே அதைத்தானே. மற்றவர்களுக்கு, அக்காவுக்கு, மச்சானுக்கு, மனைவிக்குக்கூட, அது சத்துப்பொடி.

மிஞ்சிய தீனியைக் குழிதோண்டிப் புதைக்க வேண்டும் என்று மருந்து கொடுத்தவர் சொல்லியிருந்தார். ஒருநாள் காற்றடைத்த பைகளில் குஞ்சுகளை ஏற்றிக்கொண்டு வண்டி கிளம்புகிற அவசரத்தில் தம்பி மனைவியிடம், “மூட்டையில மிச்சம் இருக்கறதை எங்கயாவது கொட்டிடு,” என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவளுக்கு எதையும் கொட்டிப் பழக்கமில்லை. சாப்பாட்டுத் தட்டைத் துடைத்துவிட்ட மாதிரி சாப்பிட்டு வளர்ந்தவள். பொடியைக் கையில் அள்ளினால் கருவாட்டு எண்ணெய் பிசுபிசுத்தது. இவ்வளவு சத்தை மண்ணில் கொட்டுவதா? மூட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு சுவர்க் கதவைத் திறந்து நாத்தனாரிடம் போனாள்.

“அண்ணி, கோழிக்குப் போடுங்க. மீனுக்கே இவ்வளவு செய்யுது, கோழிக்குச் செய்யாதா?”

கோழிகள் விழுந்து விழுந்து தின்றன. அதன் பிறகு ஒவ்வொரு முறை மிஞ்சும்போதும் மூட்டை அந்தக் கதவு வழியாகப் போயிற்று. பதிலுக்கு ஒரு கிண்ணம் முட்டை திரும்பி வந்தது.

சில வாரங்கள் கழிந்து அக்கா ஒரு வினோதத்தைக் கவனித்தார். பெட்டைக் கோழிகளுக்குக் கொண்டை தடித்துச் சிவந்தது. இடுவது குறைந்தது. ஒன்றையொன்று மார்பால் முட்டிச் சண்டை போட்டன. ஒரு விடியலில் கூரைமேல் ஏறி நின்று ஒரு பெட்டை கழுத்தை நீட்டிக் கூவியது. குரல் உடைந்து, பாதியில் இருமல் மாதிரி முடிந்தது. மறுநாள் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது.

தெருவுக்கு இது போதாதா? டீக்கடைக்காரர் மச்சானைப் பார்த்ததும், “என்ன மச்சான், உங்க வீட்டுப் பெட்டையெல்லாம் சேவலாயிடுச்சாமே? பார்த்து, நீங்க முட்டை போட்டுடாதீங்க!” என்றார். கடை முழுக்கச் சிரித்தது. மச்சானும் கோணிய வாயால் சேர்ந்து சிரித்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகு அந்தக் கடைப் பக்கம் போகவில்லை.

முட்டை பொரியாமல் போனது அதற்கடுத்து. அக்காவுக்கு இரண்டும் ஒன்று என்று தோன்றவில்லை. கூவுவது கோழியின் கோளாறு. பொரியாதது பெட்டியின் கோளாறு. பெட்டி யார் பொறுப்பு என்று எல்லோருக்கும் தெரியும்.

மூன்றாவது ஈடு பாழான அன்று சாயங்காலம் தம்பி அக்காவைப் பார்க்கப் போனான். அக்கா தீனித் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். தொட்டியின் விளிம்பில் பழுப்பு நிறத்தில் நைசான பொடி படிந்திருந்தது. பக்கத்தில் அவனுடைய மூட்டை.

“இது என்னக்கா?”

“உன் சத்துப்பொடிதான். உன் பொண்டாட்டி அப்பப்ப கொண்டுவந்து கொடுப்பா. தங்கமான பொண்ணுடா. வேற யாரா இருந்தாலும் வித்துக் காசு பண்ணியிருப்பா.”

தம்பி நிமிர்ந்து கூரையைப் பார்த்தான். கொண்டை சிவந்த பெட்டை ஒன்று அவனைத் தலை சாய்த்துப் பார்த்தது. ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. கூவியது, பொரியாதது, சேவல்கள் பெட்டைகளை மிதிக்காமல் சும்மா திரிந்தது எல்லாமே. வெளியிலிருந்து அந்த ஹார்மோன் போய்க்கொண்டே இருந்தால் உடம்பு தானாகச் சுரப்பதை நிறுத்திவிடும், சேவலும் மலடாகும் என்று அவன் அறிந்திருந்தான். மீனை அப்படித்தானே மாற்றுகிறான்.

“என்னடா பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?”

“ஒண்ணுமில்லக்கா. தலைவலி.”

வீட்டுக்குப் போய் மனைவியிடம், “அக்காவுக்கு இனிமே அந்தப் பொடியைக் கொடுக்காத,” என்றான்.

“ஏங்க?”

“பழசு. பூஞ்சை பிடிச்சிருக்கும்.”

மிச்சத்தைக் கொண்டுவந்து தானே புதைத்தான். தீனி நின்றுவிட்டால் கொஞ்ச நாளில் கோழிகள் தாமாகவே தேறிவிடும். யாருக்கும் தெரிய வேண்டாம். ஒருவேளை எல்லாம் சரியாகிவிட்டால் சொல்வதற்கு என்னதான் இருக்கிறது? அன்று இரவுச் சாப்பாட்டில் அவன் தட்டில் வைத்த முட்டையை ஓரமாகத் தள்ளினான். “வாயுத் தொல்லை,” என்றான். அவள் அதை எடுத்துத் தான் சாப்பிட்டாள். அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த வாரத்தில் ஒருநாள் மச்சான் கைத்தடியை ஊன்றிக்கொண்டு தொட்டிப் பக்கம் வந்தார். தம்பி வலையை அலசிக்கொண்டிருந்தான். தூறல் நின்று, தண்ணீரின் மேல் வெயில் படர்ந்திருந்தது. மச்சான் தொட்டித் திட்டில் உட்கார்ந்தார்.

“மாப்ளே, ஒரு உதவி பண்ணு. என்னைக் கேள்வி கேளு.”

“என்ன கேள்வி மச்சான்?”

“எதையாவது. நேத்து நடந்தது, பழசு, புதுசு. உங்கக்கா கேட்டா எனக்குக் கோவம் வருது. தப்பாத்தான் சொல்லுவேன்னு முடிவு பண்ணிக்கிட்டே கேக்கறா. நீ கேளு.”

“வேற வேலை இல்லையா உங்களுக்கு?”

“வேற வேலை இல்லாமத்தானே கேக்கறேன். கேளு.”

தம்பி வலையைப் போட்டுவிட்டுக் கையைத் துடைத்தான். “நேத்து மத்தியானம் என்ன சாப்பிட்டீங்க?”

“சோறு, பருப்பு, நீ கொடுத்தனுப்பின மீன். முள்ளு தொண்டையில சிக்கி, உங்கக்கா வெறும் சோத்தை உருட்டிக் கொடுத்தா. அடுத்தது.”

“என் கல்யாணத்தன்னைக்கு மழையா, வெயிலா?”

“கொட்டோ கொட்டுன்னு மழை. உன் செருப்பு தண்ணியில போயிடுச்சு. என் செருப்பைப் போட்டுக்கிட்டுத்தான் போட்டோவுக்கு நின்ன. ரெண்டு சைஸ் பெருசு. வாத்து மாதிரி நடந்த. அடுத்தது.”

தம்பிக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பது தப்பு என்றும் தோன்றியது. “பட்டறையில நீங்க முதல்ல கடைஞ்ச சாமான்?”

“தண்ணி பம்ப்புக்கு ஒரு புஷ் வளையம். அளவு தப்பிப் போச்சு. மேஸ்திரி அதைத் தூக்கி என் மேலயே எறிஞ்சார். தழும்பு இருக்கு, காட்டவா?”

“வேண்டாம் வேண்டாம். இன்னைக்குக் காலையில முட்டை திருப்பினீங்களா?”

அந்தக் கேள்வியை ஏன் கேட்டான் என்று அவனுக்கே தெரியவில்லை. மச்சானின் முகம் மாறியது.

“திருப்பினேன்,” என்றார். கொஞ்சம் பொறுத்து, “திருப்பினேன்னுதான் நெனக்கிறேன். ஒரு பக்கம் பென்சில்ல புள்ளி வச்சிருப்பேன். புள்ளி மேல இருந்தது. ஆனா காலையில புள்ளி மேல வரணுமா, கீழ போகணுமா? நான்தான் முறை வச்சேன். இப்ப நானே குழம்பறேன். பார்த்தியா? அங்கதான் வழுக்குது மாப்ளே. மத்ததெல்லாம் பளிச்சுனு இருக்கு. பெட்டிகிட்டப் போனாத்தான் பயம் வந்துடுது. ராத்திரி எழுந்து எழுந்து போய்ப் பார்க்கறேன். திருப்பினதையே மறுபடி திருப்பிட்டேனோன்னு.”

ஒரே வாக்கியம் போதும். உங்க தலையில ஒண்ணுமில்ல மச்சான், என் பொடியிலதான். அது தம்பியின் தொண்டை வரைக்கும் வந்தது. வந்து அங்கேயே நின்றது. வாயிலிருந்து வெளியே விழுந்தது வேறு.

“எதுக்கும் ஒரு தடவை டாக்டர்கிட்டக் காட்டிடுங்க மச்சான். வயசாகுதில்ல.”

மச்சான் தலையாட்டினார். தடியை ஊன்றி எழுந்து, வந்ததைவிட மெதுவாகத் திரும்பிப் போனார். தம்பி அவர் முதுகைப் பார்த்தான். பிறகு பார்க்க முடியாமல் தொட்டிக்குள் இறங்கினான்.

அக்கா கால்நடை டாக்டரம்மாவைக் கூட்டி வந்தார். சின்ன வயசுப் பெண். கோழியைத் தூக்கி, கொண்டையை விரலால் தடவி, வயிற்றை அமுக்கிப் பார்த்தார். தம்பியும் மனைவியும் சுவர்க் கதவருகே நின்றார்கள்.

“ஒரு வயசான கோழிக்கு ஹார்மோன் கோளாறுல இப்படி வரும்மா. இத்தனைக்கும் ஒண்ணா வர்றது அதிசயமா இருக்கு. தீனி என்ன போடறீங்க?”

“சோளம், குருணை, தவிடு, கீரை. நடுவுல தம்பி கொடுத்த சத்துப்பொடி.”

டாக்டரம்மா திரும்பினார். “அதுல என்ன சேருதுங்க?”

எல்லோரும் தம்பியைப் பார்த்தார்கள். அக்காவின் பார்வையில் சந்தேகம் துளியும் இல்லை. அதுதான் அவனைக் கூனிக்குறுக வைத்தது.

“கருவாட்டுத் தூள், தவிடு, கொஞ்சம் வைட்டமின்,” என்றான். “மீன்குஞ்சே சாப்பிடுதுங்க.”

“கொஞ்சம் கிடைக்குமா? பரிசோதனைக்கு அனுப்பலாம்.”

“தீர்ந்து போச்சு.”

டாக்டரம்மா அவனை ஒரு கணம் கூடுதலாகப் பார்த்த மாதிரி இருந்தது. பிறகு, “அப்ப எனக்கு உறுதியாச் சொல்லத் தெரியலை. எதுக்கும் பெட்டியோட சூட்டைச் சரிபாருங்க,” என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

அக்காவுக்குக் கேட்டது கடைசி வார்த்தை மட்டும்தான். அன்றே பெட்டி இருந்த அறைக்குப் பூட்டுப் போட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். “இனிமே நானே திருப்பிக்கறேன். நீங்க ஓய்வா இருங்க,” என்று நல்லவிதமாகத்தான் சொன்னார். மச்சான் பூட்டிய கதவுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். வேளை வந்ததும், “நேரமாச்சு,” என்று குரல் மட்டும் கொடுப்பார்.

தம்பியின் மனைவி இரண்டு நாள் கழித்துத் துணி உலர்த்தும்போது கொட்டகைக்குள் அவன் போனில் பேசுவதைக் கேட்டாள்.

“ஒரு பொட்டைகூட வராதுங்க. ஹார்மோன் தீனி நானே என் கையால கலக்கறேன். அத்தனையும் ஆண்தான், கவலைப்படாதீங்க.”

அவள் ஈரத் துணியைக் கொடியில் போட்டபடியே விட்டுவிட்டுச் சமையலறைக்குப் போனாள். அவன் வந்தபோது அடுப்பு எரியவில்லை. கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள்.

“அந்த டாக்டரம்மா சொன்னாங்களே ஒரு வார்த்தை,” என்றாள் திரும்பாமல். “அதே வார்த்தையை நீங்க போன்ல சொன்னீங்க.”

அவள் மறுபடியும் சோப்பை எடுத்தாள்.

“இந்தக் கையாலதாங்க அள்ளி அள்ளிப் போட்டேன். சத்துன்னு சொல்லிச் சொல்லிப் போட்டேன். அண்ணன் அந்தக் கதவைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்காரே, தினமும் பார்க்கறேன். பாவம், மனுஷனுக்கு மறதி முத்திப் போச்சுன்னு நானும்தான் சொல்லிக்கிட்டிருக்கேன்.”

“கொஞ்ச நாள்ல தானா சரியாயிடும். அதுவரைக்கும்...”

“நீங்க முட்டை சாப்பிடறதை நிறுத்தினது எந்த நாள்லருந்து?”

அவன் இதை எதிர்பார்க்கவில்லை.

“வாயுன்னு சொன்னீங்க. உங்க தட்டுல இருந்ததை நான் எடுத்துச் சாப்பிட்டேன். எதிர்லதானே உக்காந்திருந்தீங்க?” அவள் இப்போதுதான் திரும்பினாள். கண்ணில் தண்ணீர் இல்லை. “எனக்கு ஒரு வார்த்தை சொல்லத் தோணலையா?”

அவனுக்குத் தலை நிமிரவில்லை. அடுப்பு மேடையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“நீங்க போய்ச் சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?”

“நானே சொல்றேன்.”

சொல்லவில்லை. அன்று முழுவதும் தொட்டித் தண்ணீரை மாற்றிக்கொண்டிருந்தான். மறுநாள் காலையில் சுவருக்கு அப்பால் வண்டிச் சத்தம் கேட்டது. மனைவி எட்டிப் பார்த்துவிட்டு வந்து, “பெட்டியை விக்கறாங்க,” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அவன் ஈரக் கையோடு ஓடினான்.

அக்கா வீட்டு முற்றத்தில் ஃபிரிட்ஜ் பெட்டி வெயிலில் நின்றது. வாங்க வந்தவர் கதவைத் திறந்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்தார். மச்சான் தட்டுகளை ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கிக்கொண்டே, எந்தப் பல்பு சீக்கிரம் போகும், விசிறிக்கு எப்போது எண்ணெய் விட வேண்டும் என்று அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். ஒரு தடுமாற்றம் இல்லை.

“அக்கா, விக்க வேண்டாம்.”

“என்னடா திடீர்னு?”

“பெட்டியில கோளாறு இல்ல. மச்சான் மேலயும் தப்பு இல்ல. என் பொடிதான். அது சத்துப்பொடி இல்லக்கா. மீனை ஆணாக்கற ஹார்மோன். அதைத் தின்னுதான் கோழி கூவுச்சு. அதனாலதான் முட்டையில கரு பிடிக்கல.”

வாங்க வந்தவர் பெட்டிக் கதவைச் சத்தமில்லாமல் மூடினார். அக்கா ஒருமுறை தம்பியையும், ஒருமுறை பின்னால் வந்து நின்ற அவன் மனைவியையும் பார்த்தார்.

“உனக்குத் தெரியுமா பொண்ணே?”

“நேத்துதான் தெரியும் அண்ணி.”

“உனக்கு எப்ப தெரியும்டா?”

இப்பத்தான் என்று சொல்லிவிடலாம். அக்கா நம்பிவிடுவார், நம்பவே விரும்புகிறார் என்பது அந்தக் குரலிலேயே இருந்தது. தம்பி வாயைத் திறந்தான். மனைவி அவனைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அன்னைக்குத் தொட்டி கழுவினியே, அப்பவே.”

“டாக்டரம்மா கேட்டாங்களே?”

“அப்ப தெரியும்.”

மச்சான் கையிலிருந்த தட்டை அடுக்கின் மேல் வைத்தார். முகத்தில் முதலில் வந்தது கோபம் இல்லை. ஒரு மலர்ச்சி. “அப்ப என் தலை சரியாத்தான் இருக்கா?” என்று அக்காவைப் பார்த்துக் கேட்டார். அதைக் கேட்ட பிறகுதான் மற்றது அவருக்கு எட்டியது. மலர்ச்சி மெல்ல அடங்கியது.

“மாப்ளே, நான் உன்கிட்ட வந்து உக்காந்து கேள்வி கேக்கச் சொன்னேனே. அன்னைக்கு?”

“தெரியும் மச்சான்.”

“டாக்டர்கிட்டப் போன்னு சொன்னியே.”

தம்பி அவர் காலருகே குந்தி உட்கார்ந்துவிட்டான். அடித்திருந்தால் தேவலை என்றிருந்தது. மச்சான் அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. “நான் எல்லாத்துக்கும் சரியாத்தானே சொன்னேன்,” என்று மட்டும் சொல்லிவிட்டு, பெட்டியின் பின்பக்கம் போய், இழுத்துப் போட்டிருந்த வயரைச் சுருட்டத் தொடங்கினார். இடது கையில் வயர் நழுவி நழுவி விழுந்தது. தம்பி எடுத்துக் கொடுக்கக் கையை நீட்டியபோது, “நான் பார்த்துக்கறேன்,” என்றார். வாங்க வந்தவர் சொல்லாமலே போய்விட்டிருந்தார்.

அக்கா அழுவார் என்று தம்பியின் மனைவி எதிர்பார்த்தாள். அக்கா வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தார். சட்டென்று எழுந்தார்.

“பொரியாத முட்டையை நான் என்ன பண்ணேன்னு நெனச்ச? கரு பிடிக்காத முட்டை, கெட்டா போச்சுன்னு தெருவுக்கெல்லாம் வித்தேன். பிள்ளைங்க இருக்கற வீட்டுக்குக் குறைச்சுக் கொடுத்தேன். எழுந்திரு.”

“எங்கக்கா?”

“எங்கயா? வாசல் வாசலா. நீ சொல்லு, நான் கூட வரேன்.”

“நானே தனியாப் போய்ச் சொல்றேன்க்கா.”

“நீ சொல்லுவேன்னு எனக்கு நம்பிக்கை இல்லை.”

இவ்வளவு நேரத்தில் அக்கா கடுமையாகப் பேசியது அந்த ஒரு வார்த்தைதான். அதைக்கூடக் கத்திச் சொல்லவில்லை.

முதல் வீடு தையல்காரம்மா வீடு. மிஷினை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்தார். தம்பி தரையைப் பார்த்தபடி, “அம்மா, அந்த முட்டையில ஒரு சின்ன விஷயம். கோழித் தீனியில ஒரு மருந்து கலந்துடுச்சு...” என்று ஆரம்பித்தான்.

“கலந்துடுச்சு இல்லை,” என்றார் பின்னாலிருந்து அக்கா. “கலந்தேன்னு சொல்லு.”

தையல்காரம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“கலந்தேன்,” என்றான் தம்பி. “மீனுக்குக் கலந்தேன். அது கோழிக்குப் போச்சு. தெரிஞ்ச பிறகும் சொல்லாம இருந்தேன்.”

டீக்கடையில் கூட்டம் இருந்தது. அங்கேயும் சொன்னான். டீக்கடைக்காரருக்கு வழக்கமான கேலி வரவில்லை. தன் கடையில் எத்தனை முட்டைப் பொரியல் போட்டிருப்பார் என்று அவர் யோசிப்பது முகத்தில் தெரிந்தது. சிலர் கேட்டுவிட்டுச் சும்மா இருந்தார்கள். ஒருவர், “வீட்டுல பெண்டுபிள்ளை இல்லையாடா உனக்கு?” என்று கேட்டுக் கதவைச் சாத்தினார். ஒரு வீட்டுப் பெரியவருக்கு ஹார்மோன் என்றால் என்னவென்று புரியவில்லை. அவருக்குப் புரியும்வரை அக்கா தம்பியைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார். சொல்லச் சொல்ல வாக்கியங்கள் குறைந்துகொண்டே வந்தன.

பிற்பாடு கோழிகளின் கொண்டை வெளிறி, கூவல் நின்று, முட்டையில் மறுபடியும் நாளம் ஓட அந்த மழைக்காலம் முழுதும் ஆயிற்று. சில சேவல்கள் தேறவே இல்லை. மச்சான் பெட்டிக்குத் திரும்பினார்; தம்பியோடு பேசவும் செய்தார், மழையைப் பற்றி, கரண்டைப் பற்றி. தம்பி கொட்டகைக் கதவைத் திறந்து போட்டுத்தான் இப்போதெல்லாம் கலக்குகிறான். சிறிய வாங்குபவர்கள் பலர் வருவதில்லை. அவன் மனைவி மிஞ்சியதைத் தானே நின்று புதைக்க வைக்கிறாள். அவன் தட்டில் முட்டை வைப்பதை மட்டும் அவள் நிறுத்திவிட்டாள். கேட்டால், “வாயுத் தொல்லை உங்களுக்கு,” என்கிறாள்.

ஆனால் அவையெல்லாம் பின்னால் நடந்தவை. அன்று, தெருவின் கடைசியில், மாசமாயிருந்த ஒரு பெண் கதவைத் திறந்தாள். அவளுக்கென்றே அக்கா பொறுக்கி எடுத்துப் பெரிய முட்டையாகக் கொடுத்தனுப்பியிருந்தார். தம்பி சொல்லி முடித்தான். அவள் ஒரு கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள்.

“குழந்தைக்கு ஏதாவது ஆகுமா?”

“தெரியலம்மா.”

“தெரியாமத்தான் இத்தனை நாள் சும்மா இருந்தீங்களா?”

அவன் அக்காவைத் திரும்பிப் பார்த்தான். அக்கா உதவிக்கு வரவில்லை. அவர் கண்களும் அந்தப் பெண்ணின் கையிலேயே நிலைத்திருந்தன.

“நாளைக்கு நான் உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போறேன் கண்ணு,” என்றார் கடைசியில். “இவனும் வருவான். டாக்டர்கிட்ட இவன் வாயாலயே சொல்லுவான்.”

அந்தப் பெண் உள்ளே போனாள். தூறல் விழ ஆரம்பித்திருந்தது. எதிர்ச்சாரியில் இன்னும் சொல்லாத வீடுகள் வரிசையாக இருந்தன. அக்கா புடவைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு தெருவைக் கடந்து, முதல் வாசலில் கதவைத் தட்டிவிட்டு, தம்பி முன்னால் வருவதற்காக ஒதுங்கி நின்றார்.